துண்டுத் துணியில் பார்க்காத ஊசி

தையல்காரம்மாவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து மூன்று வருடம் ஆகிறது. உயிர் மிஞ்சியது, குரல் போனது. இப்போது வாயைத் திறந்தால் காய்ந்த இலையை மிதித்தது போல ஒரு கரகரப்புதான் வரும். ஆனால் கோபத்துக்குக் குரல் வேண்டும் என்று யார் சொன்னது? பாத்திரம் இருக்கிறது, கதவு இருக்கிறது, கத்தரிக்கோல் இருக்கிறது. பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் அவள் கத்தரியை மேசைமேல் வைக்கும் சத்தத்தை வைத்தே மற்றப் பெண்கள் அன்றைய வானிலையைச் சொல்லிவிடுவார்கள்.

அன்று வீட்டில் இடித்த இடிக்குக் காரணம் அவள் கணவர். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். கையில் நோட்டு இல்லாமல் அவருக்குப் பொழுது போகாது. ஒரு குடை வேண்டுமென்றால் மூன்று வாங்கி வந்து, குளியலறையில் விரித்து வைத்து, ஒவ்வொன்றின் மேலும் பத்து வாளி தண்ணீர் ஊற்றி மதிப்பெண் போட்ட மகான்.

இந்த முறை அவர் கையில் சிக்கியது கார்ட்ரிட்ஜ். ரெக்கார்ட் பிளேயரின் கை நுனியில் ஊசியைத் தாங்கிக்கொண்டிருக்குமே, அந்தச் சின்ன டப்பா. பழையதன் ஊசி மழுங்கிப்போய்ப் பாட்டு இரைந்தது. விலை குறைந்ததில் எது நல்லது என்று பார்க்க இரண்டு புதியவற்றை வரவழைத்தார். உருண்டை முனை ஊசி வைத்தது ஒரு சட்டை விலை. நீள்வட்ட முனை இரண்டு சட்டை விலை. பழையதையும் சேர்த்து மூன்றையும் ஒப்பிட வேண்டுமானால் எல்லாவற்றுக்கும் ஒரே இசைத்தட்டு வேண்டும் அல்லவா? தனக்கு வரிக்கு வரி மனப்பாடமான தட்டாகப் பார்த்து எடுத்தார்.

அது அவளுடைய தட்டு. பதினேழு வயதில் சேர்ந்திசைக் குழுவோடு பாடியது. நடுவில் நான்கு வரி அவள் மட்டும் பாடுவாள். குழுவில் ஆளுக்கொன்றாக முப்பது தட்டு போட்டுக் கொடுத்தார்கள், போட்டுக் கொடுத்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. அந்த நான்கு வரியில்தான் அவள் குரல் இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது. தேய்ந்துவிடுமோ என்ற பயத்தில் வருடத்துக்கு ஒரே ஒரு முறைதான் போட்டுக் கேட்பாள்.

சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்தபோது அவர் போனில் கடைக்காரரை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டுமே போலிங்க. பழசு எப்படி இரைஞ்சுதோ அதே மாதிரிதான் இதுவும் இரையுது. யார் காதுல பூ சுத்தறீங்க?"

போனை வைத்துவிட்டு அவளிடம் திரும்பினார். "நீயே கேளேன். எதைப் போட்டாலும் ஒரே மாதிரி."

அவள் கேட்டாள். குழு முழுவதும் அடைமழையில் நின்று பாடுவது போல இருந்தது. அவளுடைய வரி வந்தது. உயரப் போகும் இடத்தில் குரல் கிழிந்தது. மேசைமேல் கழற்றி வைத்திருந்த பழைய கார்ட்ரிட்ஜைப் பார்த்தாள். அதன் தலையில் ஒரு நாணயம் ஒட்டியிருந்தது. பக்கத்தில் கிடந்த நோட்டை எடுத்துப் படித்தாள்.

"முதலில் பழையது, இருபது முறை. ஊசி துள்ளுவதால் தலையில் நாணயம் ஒட்டப்பட்டது. பதினோராம் முறையிலிருந்து கரகரப்பு கூடியது. அடுத்து உருண்டை: கரகரப்பு. அடுத்து நீள்வட்டம்: கரகரப்பு."

நேர்மையான மனிதர். செய்த குற்றத்தைத் தேதி, நேரம் உட்பட எழுதி வைத்திருந்தார்.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. இருபத்தாறு வருடமாகத் தைக்கிறாள். எந்த ஊசியானாலும் முதலில் துண்டுத் துணியில் ஓட்டிப் பார்ப்பாள். மழுங்கிய ஊசி துணியின் இழையை அறுத்துவிடும். இழை அறுந்த பிறகு தங்க ஊசியே போட்டாலும் தையல் நிற்காது. நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்குக்கூட இது தெரியும்.

"அலமாரி நிறைய உங்க தட்டு இருக்கே," என்றாள். ஒவ்வொரு சொல்லையும் தொண்டையிலிருந்து பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. "அதுல ஒண்ணு கிடைக்கலையா?"

"அதெல்லாம் எனக்கு இந்தளவுக்குத் தெரியாதே. உன் பாட்டுன்னா நீ எங்க மூச்சு வாங்குவன்னுகூடத் தெரியும். அதனாலதான்..."

"தேய்ஞ்ச ஊசி. அது மேல பாரம் வேற. இருபது தடவை." பையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து மேசைமேல் வைத்தாள். மேசை அதிர்ந்தது. "இது என்ன குடையா, காய வெச்சு மடிச்சுக்க?"

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. முகம் வெளிறிப்போனது. இருந்தும் பழக்கம் விடவில்லை. "இன்னும் கொஞ்சம் நல்ல கார்ட்ரிட்ஜா ஒண்ணு வாங்கிப் போட்டா ஒருவேளை..."

"வருஷத்துக்கு ஒரு தடவைன்னு இருபது வருஷத்துக்கு வெச்சிருந்தேன். ஒரு மத்தியானத்துல தீர்த்துட்டீங்க."

அவள் ஊசியைத் தூக்கி மறுபடி தன்னுடைய நான்கு வரியில் வைத்தாள். இருவரும் கடைசி வரை கேட்டார்கள். பிறகு நோட்டை அவர் முன்னால் நகர்த்தினாள்.

"எழுதிக்குங்க. இப்ப தட்டுல இருக்கறவளும் என்னை மாதிரியேதான் பேசறா."

அவர் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்.