ஷாஃப்ட் மூடிக்குக் குங்குமம்

1966 அக்டோபர் 26: விரல் 2
1967 அக்டோபர் 16: விரல் 1
1968 அக்டோபர் 4: கை 1
1969 அக்டோபர் 23: விரல் 3
1970 அக்டோபர் 13: உயிர் 1
1971 அக்டோபர் 4: விரல் 1
மொத்தம்: விரல் 7, கை 1, உயிர் 1.

கதக் ஊரில், சாவ்கார் என்று எல்லோரும் அழைக்கும் முதலாளி வீரபசப்பாவின் பருத்தி ஜின்னிங் ஆலையில், குமாஸ்தா கொட்ரப்பா 1966-லிருந்து எழுதி வந்த காயப் பதிவேட்டில், ஷாஃப்டில் மாட்டியவர்களின் கணக்கு மட்டும் இது. சிராய்ப்பு, கண்ணில் தூசி, தேள்கடி எல்லாம் வேறு பக்கங்களில் இருந்தன.

ஆலைக்குள் நாற்பது மிஷின்கள் இரண்டு வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பெண் உட்கார்ந்து பருத்தியை ஊட்டுவாள். பஞ்சு ஒரு பக்கமும் கொட்டை ஒரு பக்கமும் விழும். இரண்டு வரிசைக்கும் நடுவே ஒரு சந்து. அதன் நெடுக, இடுப்பு உயரத்தில், எஞ்சின் சுழற்றும் நீண்ட இரும்பு ஷாஃப்ட். அதன் மேலும் பக்கங்களிலும் மறைக்கப் பலகை மூடிகள் பன்னிரண்டு. பஞ்சு அள்ளப் பெண்கள் அந்தச் சந்தில்தான் போய்வர வேண்டும்.

கொட்ரப்பா ஆஜர் எடுப்பார், அயோடின் பெட்டியைப் பார்த்துக்கொள்வார், சாயங்காலம் தூசி இறங்க ஆளுக்கொரு துண்டு வெல்லம் கொடுப்பார். மூக்கில் துணி கட்டாத பெண்ணுக்கு வெல்லம் கிடையாது. காதில் பென்சில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. பெண்கள் அவரைச் சீண்டாத நாளும் கிடையாது.

"கொட்ரண்ணா, எனக்குத் தும்மல் வந்துச்சு, எழுதிக்கோங்க!" என்பாள் ஏழாம் நம்பர் மிஷின் கௌரவ்வா.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டுப் பென்சிலை எடுப்பார் அவர். ஆலையே சிரிக்கும்.

1972 செப்டம்பர் மாதம் ஒரு மத்தியானம், பசலிங்கவ்வா என்ற கிழவி அலுவலக வாசலில் வந்து நின்றாள். 1970-ல் ஷாஃப்டில் சேலை மாட்டிச் செத்துப்போன சிவக்காவின் தாய்.

"மவளுக்குப் படையல் போடணும்ப்பா. எந்தத் திதின்னு மறந்துபோச்சு. உன் புஸ்தகத்துல இருக்குமே?"

"என் புஸ்தகத்துல இங்கிலீஷ் தேதிதான் யவ்வா இருக்கு. இரு, பஞ்சாங்கத்தப் பாக்குறேன்."

அவரிடம் பழைய பஞ்சாங்கங்களும் ஒன்று விடாமல் இருந்தன. 1970-ஐ எடுத்துப் பிரித்தார். அக்டோபர் 13. விஜயதசமி கழிந்து மூன்றாம் நாள். சொல்லிக் கிழவியை அனுப்பி வைத்தார். பஞ்சாங்கத்தை மூடப் போன கை நின்றது. 1969-ஐ எடுத்தார். தசமி கழிந்து மூன்றாம் நாள். 1968: மூன்றாம் நாள். மிச்சப் பஞ்சாங்கங்களையும் இழுத்துப் போட்டார். 1967: நாலாம் நாள். 1966: மூன்று. 1971: ஐந்து. ஆறு வருஷத்தில் ஒன்றுகூட அந்த வாரத்தைத் தாண்டவில்லை!

செருப்பைக்கூட மாட்டாமல் ஆலைக்குள் ஓடினார். எஞ்சின் பக்கத்தில் ஃபிட்டர் இமாம்சாப் கை துடைத்துக்கொண்டிருந்தார்.

"இமாம்சாப், ஆயுத பூஜைக்கு ஷாஃப்ட் மூடியக் கழட்டுறது யாரு?"

"வேற யாரு, நான்தான். பொட்டு வைக்கணும்னா ஷாஃப்டு கண்ணுக்குத் தெரிய வேணாமா?"

"திருப்பி எப்ப மாட்டுவீங்க?"

இமாம்சாப் துணியை உதறினார். "ஒரு மூடிக்குப் பதினாறு போல்ட்டு. மறுநாளே பருத்தி வண்டி வாசல்ல வந்து நிக்கும், சாவ்கார் எஞ்சினப் போடும்பாரு. அதுவும் போக, மங்களமா வச்ச பொட்டு, ஒரு வாரமாவது வெளிய தெரியட்டும், உடனே பலகைய வச்சு மறைக்காதீங்கன்னு பொம்பளைங்களே சொல்றாங்க. சுவத்துல சாத்தி வச்சுட்டு அப்புறமா மாட்டுவேன்." பேசிக்கொண்டே வந்தவர் கொட்ரப்பாவின் முகத்தைப் பார்த்தார். "ஏன் கொட்ரண்ணா? யா அல்லா... அந்த வாரத்துலயா?"

"எல்லாமே அந்த வாரத்துல."

இருவரும் அப்படியே சாவ்காரிடம் போனார்கள். வீரபசப்பா ஏட்டைப் பார்த்தார், பஞ்சாங்கத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆறு வருஷமா கண்ணுல படாதது இன்னிக்கு எப்படிய்யா பட்டுது?"

"தசரா ஒரு வருஷம் ஒண்ணாந் தேதி வருது, இன்னொரு வருஷம் இருபத்து மூணு. நான் இங்கிலீஷ் தேதியில எழுதினேன், அதனால தெரியல. தப்பு என்னோடதுதான் சாவ்கார்."

"அப்ப பூஜை செஞ்சதாலதான் ரத்தம் விழுதுங்கிறியா? அம்மன் மேலயே பழியா?"

"அம்மன் மேல இல்ல. பூஜை நடக்கட்டும். மூடியக் கழட்டாம, மூடிக்கே சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போடுவோம். ஷாஃப்டுக்குன்னு பலகை இடுக்கு வழியா உள்ள ஒரு பூ போட்டாக்கூட அம்மனுக்குப் போதுமே."

சாவ்கார் ஏட்டை மூடினார். பிறகு விரலை நீட்டினார். "இந்த ஒரு வருஷம் உன் சொல்படி. ஆனா தீபாவளிக்குள்ள ஒரு சொட்டு ரத்தம் விழுந்தாலும், பூஜைய ஒழுங்காச் செய்யாததாலதான்னு ஊரே பேசும். அப்புறம் மூடியும் கிடையாது, உனக்கு இங்க வேலையும் கிடையாது."

அக்டோபர் 16 திங்கட்கிழமை பூஜை. பன்னிரண்டு பலகை மூடிகளுக்கும் கொட்ரப்பா தானே சந்தனம் பூசி, எண்ணெய் விட்டுக் குழைத்த குங்குமத்தைப் பட்டையாக இழுத்தார்.

"தேவிக்கே முக்காடு போட்டுட்டீங்களே!" என்றாள் கௌரவ்வா. "கோவம் வந்து உங்க பென்சில ஒடிக்கப் போறா, பாருங்க."

"ஒடிச்சா ஒடிக்கட்டும், வேற பென்சில் இருக்கு. உன் விரலு போனா வேற இருக்கா?"

மறுநாள் தசரா விடுமுறை. ஊரே, அங்கே பன்னி என்று சொல்லும் வன்னி மரத்து இலையைக் கொடுத்து வாழ்த்திக்கொண்டது. கொட்ரப்பாவிடம் இலை கொடுத்தவர்களில் பாதிப் பேர், "இந்த வருஷம் எப்படியோ!" என்று இழுத்தார்கள். பதினெட்டாம் தேதி எஞ்சின் ஓடியது. அலுவலக நாற்காலியில் அவர் உட்காரவில்லை. சந்தின் வாயிலிலேயே அயோடின் பெட்டியோடு நின்றார். முதல் நாள் போயிற்று. இரண்டு, மூன்று, நான்கு. ஞாயிறு விடுமுறை. நாள் போகப் போகப் பெண்களும் தங்களுக்குள் எண்ண ஆரம்பித்தார்கள். இமாம்சாப் மணிக்கொரு தரம் போல்ட்டுகளைத் தட்டிப் பார்த்தார்.

இருபத்து மூன்றாம் தேதி, காலை பத்தேகால். பஞ்சுக்கூடையோடு கௌரவ்வா சந்துக்குள் போனாள். தரையில் சிந்திக் கிடந்த பருத்திக்கொட்டைகள் காலடியில் உருண்டன. "யவ்வோ!" என்ற ஒரே அலறல். கூடை பறந்தது. அவள் பக்கவாட்டில் சாய்ந்து ஷாஃப்ட் பக்கமாகவே விழுந்தாள்.

"நிறுத்து! எஞ்சின நிறுத்து!"

பெண்களில் யாரோ கத்த, இமாம்சாப் எஞ்சினை நோக்கிப் பாய்ந்தார். பெல்ட்டுகள் முனகி வேகம் குறைந்தன. கொட்ரப்பா ஓடிப்போய்ப் பார்த்தபோது, கௌரவ்வாவின் இடது தோளிலிருந்து முந்தானை நுனிவரை சிவப்பு. அகலமாக, ஈரமாக. மற்றப் பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் அழுதார்கள். அவருடைய கையிலிருந்த அயோடின் புட்டி கீழே விழுந்து உடைந்தது.

"எங்க வலிக்குது? கௌரவ்வா, எங்கம்மா?"

"பின்னாடிதான், தரையில குத்திக்கிச்சு," என்றாள் அவள் அழுகையோடு.

"கைய மடக்கு!" மடக்கினாள். "விரல நீட்டு!" நீட்டினாள். அவர் ஒன்றொன்றாகத் தொட்டு எண்ணினார். பத்து. இன்னொரு தரம் எண்ணினார். பத்தேதான்! தோளைத் தொட்டு விரலை மோந்து பார்த்தார். எண்ணெய் வாசனை.

"குங்குமம்டி! ரத்தமில்ல, குங்குமம்!" அந்த ஆலையில் யாரும் கொட்ரப்பா கத்திக் கேட்டதில்லை. அன்று கேட்டார்கள்.

சாவ்கார் அங்கவஸ்திரம் நழுவ ஓடி வந்தார். யாரும் அவருக்கு விளக்கவில்லை. எட்டாம் மூடியில் குங்குமப் பட்டை கலைந்து, ஒரு தோளின் அகலத்துக்கு மரம் தெரிந்தது. அவர் பலகையில் காதை வைத்தார். உள்ளே, இன்னும் முழுக்க நிற்காத ஷாஃப்ட் அந்த இடத்துக்கு நேராகவே மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. இமாம்சாப்பைப் பார்த்து, "போன வருஷம் தசரா கழிஞ்சு ஆறாம் நாள் இந்த மூடி எங்க இருந்துது?" என்றார்.

"சுவத்துல சாத்தி இருந்துது சாவ்கார்."

வீரபசப்பா அந்தப் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"என் சேல பாழாப் போச்சே, அதக் கேக்க ஆளில்லையா?" என்று கௌரவ்வா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சாவ்காரே, இல்கல் சேல. அதுவும் குங்குமக் கலர்லயே வாங்கிக் குடுங்க, அடுத்த வருஷம் விழுந்தாலும் தெரியாது!"

அழுத வாய்கள் எல்லாம் சிரித்தன. கொட்டையைக் கூட்டித் தள்ள அன்றே ஓர் ஆளைப் போட்டார்கள். தீபாவளி வந்தது, போனது. பதிவேட்டின் ஷாஃப்ட் பக்கத்தில் அந்த வருஷம் எழுத ஒன்றும் இல்லை.

ஆனால் ஊரைச் சுற்றி இன்னும் எத்தனையோ ஆலைகள் இருந்தன, எல்லாவற்றிலும் ஆயுத பூஜை இருந்தது. கொட்ரப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு தேதி முறையிலும் பட்டியல் போட்டு, தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் அலுவலகத்துக்கு எழுதினார். கடிதம் கிடைத்தது என்று ஒரு வரி பதில் வந்தது. மறுபடி எழுதினார். மற்ற ஆலைகளின் காயக் கணக்கையும் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம் என்று இரண்டாவது பதில். மாதங்கள் ஓடின. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். மூன்றாவதாக வந்த உறையை இமாம்சாப்பின் எதிரில்தான் பிரித்தார்: மாவட்டத்தின் எல்லா ஜின்னிங் ஆலைகளிலும் இனி ஷாஃப்ட் மூடியைக் கழற்றாமல், மூடியின் மேலேயே பூஜை செய்ய வேண்டும் என்று உத்தரவு. அந்தக் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது 1973 செப்டம்பர் 24, திங்கட்கிழமை; அந்த வருஷத்து ஆயுத பூஜைக்குச் சில நாள் முன்னால்.