விளக்கை எடுத்துவிட்டுக் கப்டன் அண்ணையைப் போடுங்கள்

மூத்த பேத்தி அபிராமி பல் வைத்தியராகிவிட்டாள். மொன்றியல் பக்கத்தில் புவாண்ட்-கிளேரில் ஒரு கிளினிக்கின் கதவில் அவளுடைய பெயர் எழுதியிருக்கிறது. அவளுக்கு இளையவன் கவின் பொறியியல் முடித்து வேலைக்குப் போகிறான். எங்கள் கிரிக்கெட் கழகத்துக்கு இந்த வருடம் அவன்தான் செயலாளர். சின்னவள் துளசி, பிரெஞ்சுப் பேச்சுப் போட்டியில் பிரெஞ்சுக்காரப் பிள்ளைகளையே வென்று கிண்ணம் கொண்டுவந்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை காலை, யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் தங்கைக்குத் தொலைபேசியில் இவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். துளசியின் கிண்ணத்துக்கு வந்தபோது மகள் சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்து முன்னால் நின்றாள்.

"அம்மா, போனை வையுங்கோ. கப்டன் அண்ணை மோசம் போயிட்டார்."

தங்கை அந்தப் பக்கம் "என்ன கிண்ணம், வெள்ளியோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் போனை வைத்துவிட்டேன்.

அவருடைய பெயர் சிவகுரு. மொன்றியலில் எங்கள் சனம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. இளமையில் இலங்கை இராணுவத்தில், ஆமியில், கப்டனாக இருந்தவர். ஆமியின் கிரிக்கெட் அணிக்கு முதல் ஆளாக இறங்கி மட்டை பிடித்தவர். சண்டை தொடங்குவதற்கு வெகு முன்னரே உத்தியோகத்தை விட்டவர். இங்கே வந்து களஞ்சியம் ஒன்றில் காவல் வேலை பார்த்தார். பனி கரைந்து புல் தெரியத் தொடங்கினால், சனிக்கிழமைகளில் வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு எங்கள் பிள்ளைகளுக்கு அம்பயராக நிற்பார். தொண்ணூறை எட்டிப் பிடிக்கிற வயது. நித்திரையிலேயே உயிர் போய்விட்டது.

அவரைத் தெரிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் கையால் எழுதியதை மருமகன் தட்டச்சு செய்து தருகிறார். ஞாயிற்றுக்கிழமை தகனம். அதற்குள் ஒரு காரியம் நடக்க வேண்டும்.

செய்தி வந்த அன்று மத்தியானம் கவின் கழகத்தின் முகநூல் பக்கத்தில் அஞ்சலி போட்டான். அவருடைய மனைவி மணி அக்கா கொடுத்த படம் அது: ஆமி உடுப்பில், தொப்பியோடு, மீசை அரும்பிய இளைஞனாக நிற்கிறார். மாலைக்குள் அதன் கீழே வசை வந்து குவிந்தது. எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த ஊரே இல்லை. கவின் படத்தை எடுத்துவிட்டான். அந்த இடத்தில் ஒரு குத்துவிளக்குப் படத்தைப் போட்டு, "கழகத்தின் மூத்த உறுப்பினருக்கு அஞ்சலி" என்று எழுதினான். பெயரும் இல்லை, கப்டனும் இல்லை.

மணி அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தா. அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"தங்கச்சி, விளக்கைக் கொளுத்திப்போட்டு ஆளை எடுத்துப்போட்டினம். அந்த மனிசன் களவெடுத்தவரோ?"

கவினைக் கூப்பிட்டுக் கேட்டேன். கைபேசியைப் பார்த்தபடி நின்றான்.

"அம்மம்மா, கொமென்ட்ஸை நீங்கள் வாசிக்கேல்லை. ரூபன் மாமாதான் எடுக்கச் சொன்னவர். அவர்தானே பிரசிடென்ட்?"

"நீ என்ன சொன்னனீ?"

"ஓக்கே எண்டன்."

படித்த பிள்ளை, கெட்டிக்காரன், என் கண்மணி. அவன் சொன்னது இந்த ஒரு சொல்தான்.

கப்டன் அண்ணையோடு எனக்கு உறவு தொடங்கியதே ஒரு படத்தில்தான். நான் மகளிடம் வந்து சேர்ந்த புதிதில் பார்க்-எக்ஸ்டென்ஷனில் மாடி வீட்டில் இருந்தோம். கீழ்வீட்டில் அவர்கள். வெளிப்பக்கத்து இரும்புப் படியில் பனி உறைந்து கண்ணாடியாகக் கிடக்கும். ஜான்-டலோன் சந்தையால் பைகளோடு வந்து நான் கீழே நின்று யோசித்தால், யாரும் கூப்பிடாமலே அவர் வெளியே வந்து பைகளை மேலே கொண்டுபோய் வைப்பார். ஒரு நாள் மணி அக்கா தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டா. போனேன். கதிரையில் இருக்க முதல் சுவரைப் பார்த்தேன். அதே படம், அந்த உடுப்பு. என் மூத்தவன் நிமலனை, விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று வீட்டுப் படலையில் வைத்துக் கூட்டிக்கொண்டு போனவர்களும் உடுப்புப் போட்டவர்கள்தான். அவன் திரும்பி வரவில்லை. நான் இருக்காமலே திரும்பி மேலே வந்துவிட்டேன். அதை இன்றைக்கும் பிழை என்று சொல்லமாட்டேன்.

சில நாள் கழித்துக் கதவு தட்டப்பட்டது. கப்டன் அண்ணை. உள்ளே வரவில்லை, நிலைக்கு வெளியே, குளிருக்குள் நிமிர்ந்து நின்றார்.

"தங்கச்சி, மகள் சொன்னவ உங்கடை பிள்ளையைப் பற்றி. நான் அந்த வேலையை விட்டது அவர் பிறக்க முந்தி. எண்டாலும் அந்த உடுப்பைப் போட்டது போட்டதுதான். அதைச் சொல்லத்தான் வந்தனான்."

"அப்ப படத்தைக் கழட்டுங்கோ."

"கழட்டமாட்டன். நீங்கள் வரேக்கை கழட்டி, போனாப்பிறகு கொழுவினால் அது உங்களுக்குச் செய்யிற பொய். வாறது வராதது உங்கடை விருப்பம். தேத்தண்ணி எப்பவும் இருக்கும்."

நான் கதவைச் சாத்தினேன். மறுநாள் காலை எங்கள் படியில் பனி வழிக்கப்பட்டு, உப்பும் தூவியிருந்தது. அந்த மாரிக்குளிர் முழுவதும் அப்படியே நடந்தது. நானும் கீழே போகவில்லை, அவரும் மேலே வரவில்லை.

ஏன் ஆமியை விட்டார் என்று என் மருமகன் ஒருமுறை அவரிடம் கேட்டாராம். சிங்களச் சோதினை பாஸ் பண்ணினால்தான் பதவி உயர்வு என்று அந்தக் காலத்தில் வந்ததாம். "பாஸ் பண்ணிப்போட்டு அடுத்த நாள் விட்டனான், தம்பி. பெயிலாகி விட்டால் கலைச்சதெண்டு கதைப்பாங்கள்" என்று சொன்னாராம். மருமகன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிசனுக்குள் ஒரு இடும்பு இருக்கிறது, அது எனக்கும் இருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

எனக்கு அப்போது கிரிக்கெட் தெரியாது. மருமகன் விளையாடப் போவதால் சோற்றுப் பானையோடு நாங்களும் போவோம். அங்கே அவர் விளையாடியதையும் பார்த்தேன். கிழவர்களுக்கும் இளசுகளுக்கும் ஒரு போட்டி. பந்தை அடிக்கப் போனார். பின்னால் நின்றவன் பிடித்துக்கொண்டு கத்தினான். அம்பயர் தலையை ஆட்டி அவுட் இல்லை என்றுவிட்டார். கப்டன் அண்ணையோ மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்து வந்துவிட்டார்.

"கிழவனுக்கு விசர். அம்பயரே விட்டிட்டார், இவர் போறார்!" என்று ஒருவன் கத்தினான்.

வந்து என் பானைக்குப் பக்கத்தில்தான் இருந்தார். மாரி முழுக்கப் பேசாதிருந்த எனக்கு அப்போது வாய் நிற்கவில்லை. "ஏன் வந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"பந்து மட்டையிலை பட்டது எனக்குத் தெரியும், தங்கச்சி. தெரிஞ்சாப்பிறகு அம்பயரின்ரை முகத்தைப் பார்த்துக்கொண்டு நிக்கிறது பிச்சை எடுக்கிற மாதிரி. நாங்கள் காசுக்கு விளையாடின ஆக்கள் இல்லை."

இது நல்ல குணம்தான். ஆனால் இதே குணம் அவரைக் கெடுக்கவும் பார்த்தது.

கிண்ணத்துக்கான கடைசி ஆட்டத்துக்கு முன் கோயில் மண்டபத்தின் நிலக்கீழ் அறையில் கூட்டம். நாங்கள் பெண்கள் பின்னுக்கு வடை சுட்டுக்கொண்டிருந்தோம். அம்பயர் யார் என்ற பேச்சு வந்ததும் ரூபன் எழும்பினான். இப்போது தலைவராக இருக்கும் அதே ரூபன்தான். அப்போது இளந்தாரி, சண்டையில் தமையனைப் பறிகொடுத்தவன்.

"ஆமிக்காரன் விரல் தூக்கி நான் வெளியிலை போறதோ? என்னாலை ஏலாது."

எண்ணெய் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. எல்லோரும் கப்டன் அண்ணையைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தார்கள். அவர் எழும்பினார்.

"ஓம், ஆமியிலை இருந்தனான். தெரியாத ஆக்களும் இருந்தால் தெரிஞ்சுகொள்ளுங்கோ. ஒருத்தரும் வாக்கெடுக்கத் தேவையில்லை. நான் விலகிறன்."

தொப்பியை எடுத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டார். நான் அகப்பையைப் பக்கத்தில் நின்ற பிள்ளையிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். பஸ் தரிப்பில் நின்றார்.

"அண்ணை, ஆர் உங்களை அவுட் எண்டது?"

"பெடியன்ரை மனம் நொந்துபோய்க் கிடக்கு, தங்கச்சி. எனக்கு விளங்குது."

"அவன்ரை மனம் நொந்தது உங்களுக்கு விளங்குது. என்ரை மனம் நோகேல்லையோ? பிள்ளையைக் குடுத்தவள் நான் நிக்கிறன், நான் போகச் சொல்லேல்லை. பந்து பட்டால் நடவுங்கோ. படாமல் நடக்கிறது என்ன மரியாதை?"

பஸ் வந்தது. சாரதிக்கு, கட்டளை இடுவது போல விறைப்பாக ஒரு "பொன்ஜூர்" சொல்லி ஏறினார். கதவு மூடிக்கொண்டது. திரும்பி வந்தபோது வடை கருகியிருந்தது, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை வருவாரா, வந்தால் அடிபிடி வருமா என்று யோசித்துக்கொண்டே சோறு வடித்தேன். வந்தார். வெள்ளை மேலங்கி போட்டு, பொத்தான் எல்லாம் பூட்டி, விரித்த மட்டிங் பாயின் தலைமாட்டில் போய் நின்றார். யாரும் தடுக்கவில்லை. ரூபன் மட்டையோடு இறங்கினான்.

மட்டை பிடிக்க வருகிறவனுக்குத் தன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற ஸ்டம்ப் தெரியாது. நேர் எதிரே நிற்கும் அம்பயருக்குத்தான் தெரியும். ஆகவே முதல் பந்துக்கு முன் அம்பயரிடம் கேட்டுத்தான் மட்டையை வைக்கும் இடத்தைக் கோடு கிழிப்பார்கள். கார்ட் கேட்கிறது என்பார்கள்; நடு ஸ்டம்புக்கு நேரே வேண்டுமென்றால் மிடில் என்று கேட்பார்கள். ரூபன் கேட்கவில்லை. தானே ஒரு இடத்தில் மட்டையை ஊன்றிக்கொண்டு குனிந்தான். பந்து போடுகிறவன் ஓடி வரப் பார்த்தான். கப்டன் அண்ணை கையை நீட்டி மறித்தார்.

"தம்பி, என்ன கார்ட்?"

ரூபன் நிமிரவில்லை. கப்டன் அண்ணை கையை எடுக்கவில்லை. வெயிலுக்குள் எல்லோரும் சிலை மாதிரி நின்றார்கள். ரூபனின் தாய் எனக்குப் பக்கத்தில் இருந்து சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தா. அவன் மட்டையை எறிந்துவிட்டு வந்தால் கழகம் அன்றோடு இரண்டாக உடையும். எல்லோருக்கும் அது தெரியும். கப்டன் அண்ணை திரும்பவும் கேட்கவில்லை, கோபிக்கவும் இல்லை. காத்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

கடைசியில் ரூபன் தலையைத் தூக்கினான்.

"மிடில்."

அண்ணை என்று சொல்லவில்லை. ஆனால் கேட்டான்.

"கொஞ்சம் உன்ரை பக்கம். இன்னும் கொஞ்சம்… ஓம், அதுதான் மிடில்."

அவன் கோடு கிழித்தான். கை கீழே இறங்கியது. ஆட்டம் தொடங்கியது. அன்று பின்னேரம்தான் அவர்கள் வீட்டில் முதல் தேத்தண்ணி குடித்தேன். படம் சுவரிலேயே இருந்தது. நான் அதற்கு முதுகு காட்டும் கதிரையில் இருந்தேன். அவர் அதைக் கண்டார். சீனிப் போத்தலை என் பக்கம் தள்ளிவிட்டார்.

நேற்று நான் ரூபனின் வீட்டுக்குப் போனேன். இப்போது நாங்கள் இருக்கும் பியர்பொன்ட்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். கவினைக் காரில் கொண்டுபோய் விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"அம்மா, எனக்கு அவரிலை ஒரு கோவமும் இல்லை" என்றான் ரூபன். "ரொறன்ரோவிலை இருந்து எழுதுறாங்கள், 'உங்கடை கிளப் ஆமிக்கு விளக்குக் கொளுத்துதோ' எண்டு. பேந்து எங்கடை பெடியளை ஒரு போட்டிக்கும் கூப்பிடமாட்டாங்கள்."

"அண்டைக்கு மிடில் கேட்டனீ. ஆரிட்டைக் கேட்டனீ, ரூபன்? விளக்கிட்டையோ?"

அவன் நரைத்த தலையைத் தடவிக்கொண்டு இருந்தான். "உங்கடை நிமலனை நினைச்சுத்தான் நான் எடுக்கச் சொன்னனான், அம்மா" என்றான் கடைசியில். "உங்களுக்கு நோகுமெண்டு."

நோகும்தான். அந்த உடுப்பை எங்கே கண்டாலும் எனக்கு நோகும். ஆனால் என் நோவைச் சாட்டி ஒரு மனிதரை அவருடைய சாவீட்டிலிருந்து வெளியே அனுப்ப நான் யாருக்கும் உரிமை கொடுக்கவில்லை. இதை ரூபனுக்குச் சொன்னேன். உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். கப்டன் அண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒரே ஒரு பழக்கம்: பிறர் கேட்க முன்னம் தானே சொல்லிவிடுவது. ஆகவே யாரும் கேட்க முன்னம் சொல்கிறேன்.

கவின், ராசா, அந்தப் பழைய படம் வேண்டாம். மணி அக்காவுக்கும் இனி அதை வசவுக்குள் விட மனமில்லை. போன கோடையில் துளசி எடுத்தது ஒன்று இருக்கிறது. வெள்ளை மேலங்கியில் கப்டன் அண்ணை விரலை உயர்த்தி நிற்கிறார். முன்னால் நீ வாயைத் திறந்துகொண்டு நிற்கிறாய். அது அவுட்டே இல்லை என்று நீ இன்னமும் சொல்வாய். அதற்காக ஒளித்து வைக்காதே. விளக்கை எடுத்துவிட்டு அதைப் போடு. கீழே முழுதாக எழுது: கப்டன் சிவகுரு, ஆமியில் இருந்தவர், கிரிக்கெட் விளையாடியவர், எங்கள் அம்பயர். யார் போடச் சொன்னது என்று எவராவது கேட்டால், நிமலனின் அம்மா போடச் சொன்னா என்று பதில் எழுது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தள்ளி வைத்திராதே. இன்றைக்கே போடு.