ஆடிக்கு முதல் நாள் இயக்கிய லொறி

எங்கள் லொறியின் எஞ்சின் செத்தது ஒரு நல்ல நேரத்தால். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கொடிகாமம் சந்தையில் மரக்கறி ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு ஓடுகிற லொறி அது. என் கணவர் பல வருடங்கள் மற்றவர்களின் லொறியை ஓட்டி, முதலாளிமாரின் ஏச்சையெல்லாம் கேட்டு, கடைசியில்தான் இந்தப் பழைய லொறியை எங்களுக்கென்று வாங்கினார். இனி ஒருவனுக்கும் கைகட்டி நிற்கத் தேவையில்லை என்று அன்றைக்கு வாய்விட்டுச் சொன்னார். இந்த வைகாசியில் எஞ்சினுக்குள் பெயாரிங் உடைந்து அரைபட்டுப்போனது. கராச்சுக்காரர் எங்கள் வளவுக்கே வந்து எஞ்சினைக் கழற்றி, புதுச் சாமான் போட்டுக் கட்டினார். ஒயில் கூலர் மட்டும் புதிதாகக் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்திலும் இல்லை, கொழும்பிலும் இல்லை. பழையதைத்தான் கழுவிப் போட வேண்டியிருந்தது.

எஞ்சின் ஒயிலைக் குளிரவைக்கிற சாமான் அது. உள்ளே மிக ஒடுங்கிய வழிகள். உடைந்த பெயாரிங்கின் துகளெல்லாம் ஒயிலோடு போய் அந்த இடுக்குகளில் குந்திக்கொள்ளும். அப்படியே பூட்டினால் மெல்ல இளகி வந்து புதுப் பெயாரிங்கையும் அரைக்கும். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் கணவர்தான். மண்ணெண்ணெய் விட்டுக் குலுக்கி, வெள்ளைச் சீலையில் வடித்துப் பார்க்க வேண்டும், சீலையில் ஒரு மினுக்கமும் இல்லாமல் வரும்வரை விடக்கூடாது என்றார்.

அவர் மற்றச் சாமான்கள் தேடி அலைந்ததால் கழுவுகிற வேலை எனக்கு வந்தது. கோழிக்கூட்டடியில் பலகை போட்டு இருந்து கழுவினேன். ஒவ்வொரு தரமும் சீலையில் மினுமினுவென்று பொடி. காற்றடிக்கிற மெசினைக் கொண்டுவந்து மறுபக்கத்தால் அடித்தோம், இன்னும் வந்தது. கைத்தோல் வெடித்தது. தின்கிற சோற்றிலும் மண்ணெண்ணெய் மணம். ஆனாலும் பொடி குறைந்துகொண்டு வந்தது. இன்னும் ஓரிரு நாள் கிடைத்திருந்தால் போதும்.

அதற்குள் என் அண்ணை வந்தார். அண்ணைக்கு லொறியில் ஒரு ஆணியின் பெயரும் தெரியாது, பஞ்சாங்கம் தெரியும். மறுநாள் ஆடி பிறக்கிறது, ஆடியில் ஒன்றும் தொடங்கக்கூடாது, ஆகவே அன்று காலை பத்தரைக்குள் எஞ்சினை இயக்கிவிட வேண்டுமாம். ஐயரிடம் நேரம் கேட்டுக்கொண்டு, தேங்காய், தேசிக்காய், கற்பூரத்தோடு வந்து நின்றார். கராச்சுக்காரரையும் கையோடு கூட்டி வந்திருந்தார்.

நான் சீலையை விரித்துக் காட்டினேன். கராச்சுக்காரர் பார்த்துவிட்டு, இன்னும் கழுவினால் நல்லதுதான் என்று இழுத்தார். அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார்.

“தேங்காயை இப்ப உடையுங்கோ அண்ணை. கூலரைக் கழுவி முடிய எஞ்சினை இயக்குவம்” என்றேன்.

“விசர்க் கதை கதையாதை. உந்தத் தூளுக்காக ஒரு மாதம் லொறியை நிப்பாட்டி வைக்கப்போறியே?”

நான் விடவில்லை. வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நின்றேன். அன்று எங்கும் போகாமல் பக்கத்தில் நின்ற கணவரையும் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு என் கையிலிருந்த கூலரை வாங்கிக் கராச்சுக்காரரிடம் கொடுத்தார். பூட்டினார்கள். தேங்காய் உடைத்து நேரத்துக்கு இயக்கினார்கள். எஞ்சின் ஒரு குறையுமில்லாமல் ஓடியது. அப்போது அண்ணை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் இன்னும் மறக்கவில்லை.

முதல் ஓட்டம் போய் வந்தது. அடுத்த ஓட்டத்தில், கொழும்புக்குப் போகிற வழியில் மாங்குளத்துக்குக் கிட்ட, எஞ்சினுக்குள் தட்டுகிற சத்தம். ஒயில் விளக்கு சிவந்தது, லொறி நின்றுவிட்டது. ஏற்றிய மாம்பழமும் முருங்கைக்காயும் வெயிலில் கிடந்தன. கட்டியிழுத்து வந்து வளவில் விட்டார்கள். எஞ்சினைத் திறந்த கராச்சுக்காரர், புதுப் பெயாரிங் முழுக்க அரைபட்டுவிட்டது, இந்த எஞ்சின் இனி உதவாது என்றார். அண்ணை வந்து லொறியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, யாரோ கண்ணூறு படுத்திவிட்டார்கள் என்றார். வாசல் படலை வரைக்கும் அவரை ஏசிக்கொண்டே பின்னால் போனேன். சந்திவரை கேட்டிருக்கும், கேட்கட்டும்.

கணவர் மறுபடியும் ஒரு முதலாளியின் லொறிக்குப் போகிறார். முதல் நாள் புறப்படும்போது, செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

“இஞ்சேரும், அந்தத் தூள் அரைக்குமெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். உம்மடை அண்ணையெல்லே. அவர் சொல்லைத் தட்டினா உமக்கு மனவருத்தமாயிருக்குமெண்டுதான் பேசாமல் குடுத்தனான்.”

ஏதோ எனக்குப் பெரிய உபகாரம் செய்தவர் போலச் சொன்னார். அதுவரை அண்ணை மேல் இருந்த கோபமெல்லாம் அப்படியே இவர் மேல் திரும்பியது. அண்ணைக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டு, என் மனம் நோகக்கூடாதென்று, என் கையிலிருந்தே அதைப் பறித்துக் கொடுத்திருக்கிறார்.

“அண்டைக்கு அண்ணைக்கு முன்னாலை நிண்டு வேண்டாமெண்டு சொன்னது ஆர்?” என்று கேட்டேன்.

அவர் சாப்பாட்டுப் பார்சலை எடுத்துக்கொண்டு, முதலாளி ஏசப்போகிறார் என்று அவசரமாக நடந்தார்.