இறந்தவர்கள் குரலில் பேசுகிறவன்

மிமிக்ரிக்காரன் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: நாம் யார் குரலில் பேசுகிறோமோ, அவர் செத்துப்போன அன்றைக்குத்தான் நம்மைத் தேடி அதிகமாகப் போன் வரும். கல்யாணத்திலோ ஆபீசிலோ ஒரு ஜோக்கை எடுத்துவிட்டு, ஒருத்தரும் சிரிக்காமல், தண்ணீர் குடிப்பதுபோல் பாவனை செய்து தப்பித்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். நான் அந்தத் தண்ணீரை முப்பது வருஷமாகக் குடிக்கிறேன்.

எனக்கு ஊர் நகரி. விசைத்தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பழகிய தொண்டை. புத்தூர் முனிரத்தினமும் நானும் இருபத்திரண்டு வருஷம் ஜோடியாக மேடையேறினோம். குரல் நான், உடம்பு அவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டான். அதற்குப் பிறகு குரலும் நானே, உடம்பும் நானே.

திருப்பதியில் ஒரு கல்லூரி விழா

மறைந்த சினிமாச் சிரிப்பு நடிகர்கள் மூன்று பேரை வரிசையாகச் செய்தேன். ஒரு காலத்தில் அவர்களின் ஒரு செருமலுக்கே கூட்டம் எழுந்து நிற்கும். அன்று முன்வரிசையில் இருந்த வாத்தியார்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பின்னால் இருந்த எழுநூறு பிள்ளைகளும் கோயிலில் இருப்பதுபோல் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். கூச்சல் போட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இறங்கி வந்ததும் ஒரு பெண் ஓடிவந்து என்னோடு செல்பி எடுத்துக்கொண்டாள். போகும்போது கேட்டாள்: "சாலா பாகுந்தி அங்கிள், ரொம்ப நல்லா பண்ணீங்க. ஆனா அவங்க மூணு பேரும் யாரு?"

கார்வேட்டிநகரம் டீக்கடை

முனிரத்தினத்துக்கு ஒரு வழக்கம். எந்த ஊருக்குப் போனாலும் மேடையைப் பார்க்கமாட்டான், மைக்கைப் பார்க்கமாட்டான். நேராக டீக்கடை. ஒரு டீயைச் சத்தமாக உறிஞ்சிக்கொண்டே, இந்த வருஷம் ஊரில் யார் செத்தார்கள், எப்படிச் செத்தார்கள், யார் வீட்டில் யார் ஓடிப்போனது என்று ஒவ்வொன்றாகக் கேட்பான். கேட்டுவிட்டு என்னிடம் வந்து, "பஸ் ஐட்டம் வேணாம், மாமியார் ஐட்டம் வேணாம்" என்று பாதி நிகழ்ச்சியை வெட்டிவிடுவான். எனக்கு எரிச்சலாக இருக்கும். தூங்குகிற நாயைத் தட்டி எழுப்புகிறானே என்று தோன்றும்.

கார்வேட்டிநகரத்தில் அவன் கேட்ட கேள்விகளில் டீ மாஸ்டர் அரண்டே போய்விட்டார். டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னாப்பா இவரு, ஜோக்கு சொல்ல வந்துட்டு எழவு விசாரிச்சிக்கினு கீறாரு?"

கிணறு

முனிரத்தினத்தின் பெயர் சொல்கிற ஐட்டம் ஒன்று உண்டு. ஒரு குடிகாரன் கிணற்றை எட்டிப் பார்க்கிறான். தண்ணீரில் தெரிகிற தன் முகத்தையே வேறு யாரோ என்று நினைத்து, "மேல வாய்யா, கொஞ்சம் மிச்சம் கீது, ரெண்டு பேரும் சாப்டலாம்" என்று குனிந்து கை கொடுக்கிறான். கை நீண்டுகொண்டே போகும். கடைசியில் தலைகுப்புற உள்ளே. முனிரத்தினம் போன பிறகு, ஒரு அசைவு மாறாமல் நான் அதைச் செய்துகொண்டிருந்தேன். அது இருக்கிறவரை அவன் பெயரை மைக்கில் சொல்லலாமே என்றுதான்.

போன வருஷம் சத்தியவேடு பக்கம் ஒரு கிராமத்தில் அம்மன் திருவிழா. பஸ் லேட். டீக்கடைக்குப் போகவில்லை. உண்மையைச் சொன்னால், பஸ் சரியாக வந்திருந்தாலும் போயிருக்கமாட்டேன். "மறைந்த என் நண்பனுக்கு அஞ்சலி" என்று சொல்லிவிட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்தேன். கை நீட்டும்போது ஒரு சிரிப்பும் இல்லை. இரண்டாவது வரிசையில் ஒரு பெண் எழுந்து, இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு, கூட்டத்தைச் சுற்றிப் போனாள். அந்தக் கோடையில்தான் அவள் புருஷன் குடித்துவிட்டுக் கிணற்றில் விழுந்து செத்திருக்கிறான். மேடையை விட்டு இறங்கிய பிறகுதான் எனக்குச் சொன்னார்கள்.

மறுநாள் காலையில் அவள் வீட்டுக்குப் போய் நின்றேன். அவளே பேசினாள்: "நீ வேணும்னு செய்யலன்னு தெரியுதுண்ணா. மேடைல குனிஞ்சி கைய நீட்னியே, அன்னிக்கு அவருக்கு அந்த மாதிரி நீட்ட ஒருத்தரும் இல்லண்ணா."

புத்தூரில்

முனிரத்தினத்தின் திதிக்குப் போனேன். படையல் முடிந்ததும் அவன் மனைவி கோமளாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவன் பெயரைக் கெடுத்துவிட்டேன், இனிமேல் மேடையேறப் போவதில்லை என்றேன். ஏறாவிட்டால் அவன் பெயரைச் சொல்ல ஊரில் வேறு யாரும் இல்லை, அதுதான் நெஞ்சை அறுக்கிறது என்றும் சொன்னேன். அழுதுவிட்டேன்.

அவள் அழவில்லை. "கடைசி வருசமே அந்தக் கிணத்து ஐட்டத்த எடுத்துடணும்னு சொல்லிக்கினு இருந்தாரு" என்றாள். "முன்ன ஊருக்கு ஒரு குடிகாரன் இருந்தான், பாத்து சிரிச்சாங்க. இப்ப வூட்டுக்கு வூடு கீறான், யாரு சிரிப்பான்னு கேட்டாரு. உனுக்கு அது உசுரு, நீ வருத்தப்படுவன்னுதான் உன்கிட்ட சொல்லல."

அவனுக்காக நான் காப்பாற்றி வைத்திருந்ததை, எனக்காக அவன் விட்டு வைத்திருந்திருக்கிறான். இலையில் இருந்த வடையை எடுத்து என் கையில் வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "அவரு போயி மூணு வருசம் ஆச்சு. அந்த ஜோக்கு அவருக்கு முன்னியே பூட்ச்சிண்ணா. நீதான் இன்னும் சுடுகாட்டுக்கு எடுத்துக்கினு போவாம வூட்லயே வச்சிக்கினு கீற."

சித்தூர் மண்டபம்

இரண்டு மாதம் கழித்துச் சித்தூரில் ஒரு கல்யாண வரவேற்பு. பஸ் இறங்கியதும் முதலில் டீக்கடை. கேட்டேன். மாப்பிள்ளையின் பெரியப்பா போன மாதம்தான் பஸ்ஸில் அடிபட்டு இறந்தார் என்றார்கள். பஸ் ஐட்டத்தை வெட்டினேன். கிணற்றை இனி எந்த ஊரிலும் செய்வதில்லை.

மேடையில் ஒரு புது ஐட்டம். ஜோக் சொல்ல வந்த முனிரத்தினம், டீயை உறிஞ்சிக்கொண்டே எழவு விசாரிக்கிறான். டீ மாஸ்டர் அரண்டு போகிறார். முதன்முறையாக அவன் குரலிலேயே பேசினேன். முனிரத்தினத்தைத் தெரியாத பிள்ளைகளும் சிரித்தார்கள். எனக்குத்தான் நடுவில் குரல் உடைந்தது. அதையும் நடிப்பு என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

பெண் வீட்டுக்கு உறவு என்பதால் கோமளா வந்திருந்தாள். பந்தியில் எனக்கு எதிரே வந்து நின்றாள். முகத்தில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே இருந்தன. "டீ உறிஞ்சறது அப்டியே அவருதான். ஜனங்க சிரிக்கிற வரிக்கும் செய்ண்ணா. சிரிக்கிறது நின்னுட்சின்னா, அன்னிக்கு அவர வுட்டுடு."

ஆக, முப்பது வருஷத்தில் இந்தத் தொழிலில் நான் கற்றது மேடைக்கு முன்னால் டீக்கடைக்குப் போகவேண்டும் என்பது ஒன்றுதான். ஊருக்கு ஊர் டீ குடித்து ஏறிப்போன சர்க்கரையை டாக்டர் பார்த்துக்கொள்வார்.