மாய இடப்பெயர்ச்சி

இந்த ஊரில் வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் மேசையைத் தட்டுகிறார்கள். கைதட்டல் இல்லை. விரல்முட்டியை மடக்கி, பூட்டிய கதவைத் தட்டுவதுபோல டொக் டொக்கென்று அரங்கம் முழுவதும் ஒரே நேரத்தில். முதல் நாள் நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிதம்பரத்தில் நான் படித்த கல்லூரியில் பெஞ்சைத் தட்டினால் அதற்கு ஒரே பொருள்தான்: சார், போதும், கிளம்புங்க. தட்டியது யாரென்று தெரியாமல் வரிசை முழுவதும் வராந்தாவில் நிற்கும். இங்கோ பேராசிரியர் அந்தச் சத்தத்துக்கு முகம் மலர்ந்து தலையாட்டிவிட்டுப் போகிறார். பாராட்டாம்! "நல்லா இருக்குடா உங்க பாராட்டு" என்று தமிழில் வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்திலிருந்த மாணவன் திரும்பி "பிட்டே?" என்றான். பரீட்சைக்கு ஒளித்து வைக்கும் பிட்டைத்தான் கேட்கிறானோ என்று ஒரு கணம் பதறினேன். அந்த ஒரு சொல்தான் இங்கே 'தயவுசெய்து', 'பரவாயில்லை', 'இந்தாருங்கள்', 'என்ன சொன்னீர்கள்' எல்லாமே என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு நானும் "பிட்டே" என்றேன். இருவரும் திருப்தியாக எழுந்து போனோம்.

கல்யாண வயதையெல்லாம் தாண்டி வந்த நீ பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு அங்கே என்ன செய்கிறாய் என்று ஊரில் இருப்பவர்கள் கேட்பீர்கள். நியாயம்தான். 2011இல் ஜெர்மனியில் முதுகலை படிக்க இடம் கிடைத்தபோது கடிதத்தின் அடியில் ஒரு நிபந்தனை இருந்தது. பி.எஸ்ஸி.யில் நான் படித்த கிளாசிகல் மெக்கானிக்ஸ் இவர்களுக்குப் போதாதாம். இளங்கலைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதை மறுபடி படித்து, ஓராண்டுக்குள் தேற வேண்டும். இரண்டே வாய்ப்பு. தவறினால் சேர்க்கை ரத்து, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எழுத்துத் தேர்வான முதல் வாய்ப்பைக் கோட்டை விட்டாயிற்று. மிச்சம் ஒரு வாய்மொழித் தேர்வு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் வேலையை விட்டு, "டாக்டர் பட்டத்தோடதான் வருவேன்" என்று பந்தாவாகச் சொல்லிவிட்டு வந்தவள், பி.எஸ்ஸி. பாடத்தில் தோற்றுத் திரும்பினால் எங்கள் திருப்பாதிரிப்புலியூரில் தலைகாட்ட முடியுமா?

இதில் வேடிக்கை என்னவென்றால், இதே பாடம் என்னை ஏற்கெனவே ஒருமுறை கவிழ்த்திருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புவரை நான் தமிழ் மீடியம். கண்ணாடிக்குள் தெரியும் 'வர்ச்சுவல் இமேஜ்' எங்களுக்கு மாய பிம்பம். ஆகவே கல்லூரியில் 'வர்ச்சுவல் வொர்க்' வந்தபோது அதை மாய வேலை என்று மனதில் மொழிபெயர்த்துக்கொண்டேன். 'வர்ச்சுவல் டிஸ்பிளேஸ்மென்ட்' மாய இடப்பெயர்ச்சி. இதுவரை சரி. மாதிரித் தேர்வில் அவசரத்தில் ஆங்கிலச் சொல் மறந்துபோய், மாயத்தை நானாகவே ஆங்கிலமாக்கி 'மேஜிக் வொர்க்' என்று எழுதிவைத்தேன். ஒரு இடத்தில் இல்லை, விடைத்தாள் முழுக்க. சமநிலையில் உள்ள ஒரு பொருளின் மீது விசைகள் செய்யும் மேஜிக் வேலை பூஜ்யம் என்று அடிக்கோடு வேறு.

எங்கள் சார் அதை வகுப்பில் உரக்கப் படித்தார். "ஏம்மா, இது பிசிக்ஸ் பேப்பரா, மோடிமஸ்தான் கூட்டமா? அடுத்து கூடையக் கவுத்துப் பாம்பு எடுப்பியா?" வகுப்பு கெக்கெக்கே என்று சிரித்தது. அன்றிலிருந்து மந்திரக்காரி என்பதே என் பெயர். பெயர் போனால் போகட்டும், செமஸ்டரிலும் அந்தத் தாள் அரியர் விழுந்தது. மாய வேலை என்றால் என்னவென்று எனக்குப் புரியவேயில்லை. நகராத பொருளை நகர்த்த வேண்டுமாம். நகர்த்தினால் காலம் ஓடக்கூடாதாம். என்னய்யா அநியாயம்!

புரியவைத்தது ஜெசிந்தா. கடலூரிலிருந்து தினமும் என்னோடு சிதம்பரத்துக்கு பஸ்ஸில் வந்த வகுப்புத்தோழி. அரியர் துக்கத்தை ஆற்றுகிறேன் என்று ஒரு சனிக்கிழமை என்னைப் பிச்சாவரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். சுரபுன்னைக் காட்டுக்குள் துடுப்புப் படகு போய்க்கொண்டிருந்தது. அவள் ஓர் ஓரத்தில், நான் மறு ஓரத்தில்.

"ஏய், படகு இப்ப சாயாம இருக்குல்ல? இப்ப நான் ஒரு இஞ்ச் உன் பக்கமா நவுந்தேன்னு வெச்சுக்க."

நான் பலகையை இறுகப் பிடித்தேன். "நவுராதடி!"

"லூசு, நெசமா நவுரல. சும்மா. சும்மா நவுந்தேன்னு வெச்சுக்க. நேரம் ஓடல, தண்ணி அசையல, நான் படக விட்டு வெளியவும் போவல. ஆனா நவுந்தா எது எவ்ளோ இழுக்கும்னு கணக்கு மட்டும் போட்டுட்டோம். அவ்ளோதான் உன் மேஜிக்கு!"

படகுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "இந்தாம்மா, நீங்க சும்மா நவுந்தாலும் நெசமா நவுந்தாலும் கவுறப் போறது என் படகு. ரெண்டு பேரும் சும்மா குந்துங்க."

சிரித்த சிரிப்பில் படகு நிஜமாகவே ஆடியது. அவர் எங்களைத் திட்டிக்கொண்டே கரைக்குத் திருப்பினார். எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சும்மா! ஒரு செமஸ்டர் முழுக்க ஆங்கிலத்தில் உருட்டியும் மண்டையில் ஏறாதது ஒரே சொல்லில் ஏறிவிட்டது. அடுத்த செமஸ்டரில் அரியரை ஊதித் தள்ளினேன்.

ஜெர்மனியில் அந்த வாய்மொழித் தேர்வு ஒரு வெள்ளிக்கிழமை மதியம். ஆங்கிலத்தில் பதில் சொல்லலாம் என்றார்கள். பேராசிரியர், குறிப்பெடுக்க ஓர் இளைஞர், கரும்பலகை, நான். முதல் கேள்வியே, மாய இடப்பெயர்ச்சி என்றால் என்ன? எனக்கு உள்ளே பூரித்துப்போனது. துகளை நகர்த்துகிறோம், ஆனால் நிஜமாக இல்லை, அது வந்து... ஆங்கிலச் சொல் எதுவும் வாயில் வரவில்லை. பிச்சாவரத்துப் படகுதான் கண்முன்னே ஆடியது.

"சும்மா" என்றேன்.

பேராசிரியர் துள்ளி எழுந்தார். "ஸும்மே! ரிஷ்டிக்!" என்று பலகையில் கொட்டையாக ஒரு சிக்மா குறியை வரைந்தார். அவர்கள் மொழியில் 'ரிஷ்டிக்' என்றால் சரி, 'ஸும்மே' என்றால் கூட்டுத்தொகை! மாய வேலைத் தத்துவத்தின் முதல் எழுத்தே அந்தக் கூட்டல் குறிதான். எதன் கூட்டல் என்று கேட்டுச் சுண்ணக்கட்டியை என்னிடம் நீட்டினார். கரும்பு தின்னக் கூலியா? ஒவ்வொரு துகளின் விசையிலிருந்தும் உந்தம் மாறும் வீதத்தைக் கழித்து, மாய இடப்பெயர்ச்சியால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டிப் பூஜ்யம் என்று எழுதினேன். காலம் என்ன ஆகும் என்றார். நிற்கும் என்றேன். துகள் எங்கு வேண்டுமானாலும் நகரலாமா என்றார். முடியாது, கட்டுப்பாட்டுக்குள்தான் என்றேன். திருப்பாதிரிப்புலியூரில் வளர்ந்த பெண்ணிடம் கட்டுப்பாட்டைப் பற்றிக் கேட்கிறாரே என்று சிரிப்பு முட்டியது. அடக்க அடக்க உடம்பு குலுங்கியது.

தேறிவிட்டாய் என்று கைகொடுத்த பிறகு மனம் கேட்கவில்லை. நான் சொன்னது 'ஸும்மே' இல்லை, என் மொழிச் சொல் என்று ஒப்புக்கொண்டேன். அதற்கு என்ன பொருள் என்றார். காரணமில்லாமல், வேலையில்லாமல், இலவசமாக, விளையாட்டுக்கு, பேசாமல், அடிக்கடி... எல்லாம்தான் என்றேன். ஒரே சொல்லுக்கா? "உங்கள் பிட்டே மாதிரி" என்றேன். குறிப்பெடுத்த இளைஞர் பேனாவைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

வெளியே வந்து நடைவழியிலேயே ஜெசிந்தாவுக்கு போன் அடித்தேன். அங்கே சாயங்காலம்.

"பாஸுடி! சும்மான்னு சொல்லியே பாஸாயிட்டேன்டி!"

"அடிப் பாவி!" என்று கத்தினாள். கதையைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரிப்பினூடே சட்டென்று கேட்டாள்.

"அப்ப நீ வர மாட்ட, இல்ல?"

"என்னடி சொல்ற?"

"திட்டாத. கோயில்ல ரெண்டு மெழுவத்தி ஏத்துனேன். ஒண்ணு நீ பாஸாவணும்னு." மூக்கை உறிஞ்சினாள். "இன்னொண்ண கேக்காத."

அந்த இரண்டில் ஒரு மெழுகுவத்திக்காகத்தான் நான் இத்தனை நாள் ராப்பகலாகப் படித்திருக்கிறேன். "வருவேன்டி, லீவுக்கு" என்றேன். லீவுக்கு என்ற சொல்லை இருவருமே கேட்டோம்.

சேர்க்கை அலுவலகத்துக்குப் போனபோது அங்கிருந்த அம்மாள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து படிவத்தை நீட்டினார். சேர்க்கை உறுதியாகிவிட்டதால் விவரங்களைப் புதிதாக நிரப்ப வேண்டும். முகவரிக்கு இரண்டு கட்டங்கள். ஒன்று படிக்கும்போது தங்குமிடம், மற்றது சொந்த ஊர். கண் கலங்கியிருந்ததில் கடகடவென்று நிரப்பிக் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு, பேனா முனையால் இரண்டு கட்டங்களையும் மாறி மாறித் தட்டினார். இங்கே நான் தங்கியிருக்கும் விடுதித் தெருவைச் சொந்த ஊரிலும், திருப்பாதிரிப்புலியூரைத் தங்குமிடத்திலும் எழுதியிருந்தேன். திருத்திக் கொடு என்றார். பேனாவை வாங்கிக்கொண்டு நெடுநேரம் நின்றேன், எதை அடிப்பது என்று தெரியாமல்.