சிங்கராயரின் கள்ளமறியாத பெட்டி

சீத்தா கேம்ப் கோயில் ஹாலில், கூப்பிடும் எண்ணை டிக்கெட்டில் அடித்து ஆடும் கிறிஸ்துமஸ் தம்போலா என்றால் மைக் சிங்கராயர் கையில்தான். பதினோரு வருஷமாக எண் எடுத்துக்கொடுப்பது அவருடைய பழைய கம்ப்யூட்டர். அதற்கான புரோகிராமைக் குவைத்தில் வேலை பார்த்த காலத்தில், அறுபத்து நாலு என்ற மாடலில் அவரே எழுதினார். அந்தப் பெட்டி புகைந்து செத்த பிறகு தாராவி பழைய சாமான் கடையில் அதன் தம்பி, நூற்றிருபத்தெட்டு, கிடைத்தது. இடது ஓரத்துப் பட்டனை அழுத்திக்கொண்டே சுவிட்சைப் போட்டால் தம்பி தன் புத்தியை மறந்து அப்படியே அண்ணனாகிவிடுவான். அணைத்தால்தான் மறுபடி தம்பி.

"அணைச்சுட்டா இதுக்கு ஒரு ஞாபகமும் கிடையாது. பச்சப்புள்ள. கள்ளம் தெரியாது" என்று வருஷா வருஷம் மைக்கில் சொல்வார். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கேலி சொல்வதிலேயே மனுஷர் மும்முரமாக இருப்பார்.

சிக்கல் அவர் மனைவி ஏஞ்சலம்மாளால் வந்தது. டிக்கெட்டில் முதலில் ஐந்து எண் அடிப்பவருக்கான ஜல்தி ஃபைவ் பரிசு ஆண்டுதோறும் அவளுக்கே. வீட்டில் மூன்று குக்கர், இரண்டு இஸ்திரிப் பெட்டி. "அதிர்ஷ்டக்காரி" என்று சிங்கராயர் பூரித்தார். ஊர் அப்படி நினைக்கவில்லை.

இந்த முறையும் பதினோராவது எண்ணிலேயே அவள் "ஜல்தி!" என்று கை தூக்கினாள். போன் ஆப்பில் தம்போலா நடத்தத் துடித்துக்கொண்டிருந்த ஜாய் எழுந்துவிட்டான்.

"அங்கிள், இது என்ன செட்டிங்? அடுத்த வருஷம் மைக்க என்கிட்ட குடுத்துருங்க."

மைக் போவதைவிடக் கள்ளன் என்ற பேர்தான் சிங்கராயரைச் சுட்டது. "எல்லாரும் நல்லாப் பாத்துக்கிடுங்க!" என்று பெட்டியை அணைத்தார். பத்து எண்ணினார். பட்டனை அழுத்திக்கொண்டு சுவிட்சைப் போட்டார். டேப் ஓடிப் புரோகிராம் ஏறுவதற்குள் ஹாலே சமோசா தின்று முடித்தது.

"இப்ப வாரது புது நம்பர். பதினேழு."

கரும்பலகையில் போன ஆட்டத்தின் முதல் எண்ணும் பதினேழு. யாரோ சிரித்தார்கள்.

"அறுபத்திரெண்டு." அதுவும் அதே.

மூன்றாவதற்கு அவர் வாயைத் திறக்குமுன் பலகையைப் பார்த்து ஹாலே கத்தியது: "எட்டு!" திரையிலும் எட்டுதான். பச்சைப்பிள்ளை பிறக்கும்போதெல்லாம் ஒரே அழுகையைத்தான் அழுதிருக்கிறது.

ஏஞ்சலம்மாள் எழுந்து வந்தாள். "அவியளுக்கு ஒண்ணும் தெரியாது. ஆட்டத்துக்கு முன்னால வீட்ல பொட்டியப் போட்டு, வார நம்பரச் சத்தமா வாசிச்சுப் பழகுவாவ. அடுப்படில நின்னு கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம் ஆயிட்டு. அதுக்குத் தோதா டிக்கெட்டப் பொறுக்குவேன்."

கள்ளன் என்ற பேர் போயிற்று. மடையன் என்ற பேர் வந்தது. "ஏட்டி, ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா?" என்றார்.

"சொன்னா பொட்டிய மூடிருவிய. ரிட்டையர் ஆனதுலருந்து நீங்க வாய்விட்டுச் சிரிக்கது இந்த ஒரு நாள்தான்."

சிங்கராயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மைக்கை ஜாயிடம் நீட்டினார். ஜாய் ஆப்பைத் திறக்கப் போனை எடுத்தான்.

"போன உள்ள வைங்க" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. ஜாயின் மனைவி ஆனி. பலகையிலிருந்த எண்களை உள்ளங்கையில் தொடங்கி முழங்கை வரை பேனாவால் எழுதி முடித்திருந்தாள். "அடுத்த வருஷமும் அங்கிளே கூப்பிடட்டும்."