மூன்றாவது சிலிண்டர்

நேற்று பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோவில் போகும்போது, மூங்கில் ஏற்றிய பிக்அப் வண்டி ஒன்று சிக்னலில் பக்கத்தில் வந்து நின்றது. அதன் வயிற்றுக்குள்ளிருந்து யாரோ மரக்கதவைத் தட்டுவது போல டொக், டொக் என்று ஒரு சத்தம். ஆட்டோவில் இருந்த மற்றவர்கள் கைபேசியிலிருந்து தலை தூக்கவில்லை. நான் மட்டும் தலையை வெளியே நீட்டிக் கேட்டேன். இறங்கிப் போய் டிரைவரிடம் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் பச்சை விழுந்துவிட்டது. நல்லதுதான். அந்தச் சத்தத்துக்கு வைத்தியம் சொல்ல நான் லாயக்கில்லை என்பதற்கு ஒரு கதை இருக்கிறது.

பச்சை மூங்கிலுக்கு, நனைந்த மண்ணும் வெள்ளரிக்காயும் கலந்த மாதிரி ஒரு வாசனை உண்டு. தெருவுக்குத் தெரு பந்தல் எழும் பூஜைக்கு முந்தின மாதங்களில் அப்பாவின் சட்டையில் அது டீசலோடு சேர்ந்து வீசும். பவானிபூரில் பந்தல் போடும் டெக்கரேட்டர் ஒருவருக்கு அப்பா மூங்கிலும் துணியும் நாற்காலியும் பிக்அப்பில் லோடு அடித்துக்கொண்டிருந்தார். வண்டி சொந்த வண்டி. திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து லாரி கிளீனராக வங்காளத்துக்கு வந்து, இந்த ஊரிலேயே தங்கிவிட்ட மனிதர் தனக்கென்று வாங்கிய ஒரே பொருள். அந்த இரண்டு மாதம் அது ஓடினால்தான் மீதி வருஷத்துக்கு வீடு நடக்கும்.

அப்பா அம்மா இருவருக்கும் எழுத்து தெரியாது. அதனால் ஒன்பது வயதிலேயே எங்கள் வீட்டுக்கு டாக்டரும் வக்கீலும் நான்தான். ஒருமுறை நான் எடுத்துக் கொடுத்த இருமல் மருந்தை அப்பா மூன்று நாள் குடித்தார். அது வயிற்றுப்போக்கு மருந்து என்று நாலாம் நாள் கண்டுபிடித்து அழுதேன். "அதனாலென்ன, இருமலும் நின்னுருச்சே" என்றார் அப்பா.

நான் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் கடைசி வருஷம் படித்தபோதுதான் வண்டி தட்ட ஆரம்பித்தது. மூங்கில் வேலை அப்போதுதான் சூடு பிடித்திருந்தது.

"சத்தம் அடியிலிருந்து வருது கண்ணு. காத்தால ஒண்ணுமில்ல. எஞ்சின் சூடாகிப் பாலம் ஏறயில தட்டுது. ஆயில் சேம்பரைத் தொறந்து பேரிங்கைப் பாத்தரலாம்" என்றார் அப்பா.

எஞ்சினுக்கு அடியிலிருக்கும் அந்தச் சேம்பரைத் திறந்தால் வண்டி நாலைந்து நாள் படுத்துவிடும். எனக்கோ படித்ததைக் காட்ட ஒரு சந்தர்ப்பம். "டீசல் எஞ்சின் தட்டுச்சுன்னா முதல்ல நாசில்தாம்ப்பா. டீசலைப் பீச்சறது அதுதான். நோட்டுல இருக்கு" என்று நோட்டை எடுத்துவந்தேன். நாலு வண்ணத்தில் படம் போட்டிருந்தேன். அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்துதான் அதைத் தொட்டார்.

"ஏங்க, படிச்ச பையன் சொல்றான். கேட்டாத்தான் என்ன?" என்றாள் அம்மா.

மறுநாள் மெக்கானிக் ஹாருதாவின் பட்டறை. எஞ்சினைச் சூடாக்கி ஓடவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் டீசல் பைப்பின் நட்டைத் தளர்த்தினேன். டீசல் போகாத சிலிண்டர் வேலையை நிறுத்திவிடும். சத்தமும் நின்றால் கோளாறு அந்தச் சிலிண்டரில். மூன்றாவது நட்டைத் தளர்த்தியதும் தட்டு அடங்கியது. நாசில்தான் என்று சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்பா வண்டிக்கு அடியில் படுத்து, நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியைச் சேம்பரில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்திருந்தார். "நாசில்னா மேலயில்ல கேக்கணும்? இங்கதாண்டா அடிக்குது" என்றார்.

ஹாருதா சிரித்துக்கொண்டே வங்காளத்தில் கேட்டார்: "என்ன அண்ணே, உன் காதா, பையன் நோட்டா?"

அப்பா வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தார். "நோட்டுதான். நான் என்ன படிச்சவனா?"

நட்டைத் தளர்த்தினால், தேய்ந்த பேரிங்கும் பாரம் இறங்கிச் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். எந்தச் சிலிண்டர் என்பதுதான் அதில் தெரியும். மேலேயா கீழேயா என்று தெரியாது. இதுவும் என் நோட்டில் இருந்தது, அடுத்த பக்கத்தில். பரீட்சைக்கு வராது என்று விட்டிருந்தேன்.

நாசிலை மாற்றினோம். சத்தம் துளி குறைந்த மாதிரி இருந்தது. "ஓட ஓட செட்டாயிரும்ப்பா" என்றேன். "ஆகட்டும் கண்ணு" என்றார்.

ஐந்தாம் நாள், அலிப்பூர் போகும் பாலத்தில், முழுப் பாரத்தோடு ஏறும்போது பேரிங் நொறுங்கி, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் உடைந்து எஞ்சினின் பக்கவாட்டைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது, பைக்காரர்கள் வழுக்கி விழாமலிருக்க அப்பா ரோட்டில் வழிந்த ஆயிலின் மேல் சாக்குகளை விரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, நான்…"

"வெயில்ல நிக்காத. இப்படி ஓரமா வா."

ஹாருதா வந்தார். ஓட்டையைக் குனிந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் வாயைத் திறக்குமுன் அப்பா முந்திக்கொண்டு, கூடி நின்றவர்களிடம் தனக்குத் தெரிந்த வங்காளத்தில் சொன்னார்: "பையன் பேரிங்கைப் பாருன்னுதான் சொன்னான். நான்தான் வேலை கெட்டுப்போகும்னு கேக்கல."

நான் மறுத்திருக்கலாம். சாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வண்டி பழைய இரும்புக்குப் போயிற்று. அப்பா இப்போது அதே டெக்கரேட்டரின் கிடங்கில் நாற்காலி எண்ணுகிறார். நான் ஓர் அலுவலகத்தில் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து, வண்டிக்காரர்கள் அனுப்பும் புகார்களைக் கணினியில் இனம் பிரிக்கிறேன். 'சத்தம்' என்று அதில் தனியாக ஒரு கட்டமே இருக்கிறது.

முன்பெல்லாம் அப்பாவோடு பஸ்ஸில் போனால் ஒரே வேடிக்கையாக இருக்கும். "கியர் பாக்ஸு அழுவுது பாரு." "இவன் பெல்ட்டு பொழுதுக்குள்ள அந்துரும்." எதிர்த்துப் பேசினால் "போடா, உனக்கென்ன தெரியும்" என்று பின்மண்டையில் ஒரு தட்டுத் தட்டுவார். இப்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வருகிறார். மாத்திரை சாப்பிடவும், பல் பிடுங்கவும், ஊருக்கு எந்த ரயிலில் போவது என்பதற்கும் என்னைத்தான் கேட்கிறார்.

போன வாரம் வீட்டு மின்விசிறி கடகடவென்று ஆடியது. மேலே தண்டை மூடியிருக்கும் கிண்ணம் கழன்று தொங்குவது வாசலில் நின்றாலே தெரிந்தது. நான் வேண்டுமென்றே தப்பாக, "கண்டென்சர் போயிருச்சு போலப்பா" என்றேன். சொல்லிவிட்டு, அந்தப் "போடா"வுக்காகக் காத்திருந்தேன்.

அப்பா அண்ணாந்து, கழன்ற கிண்ணத்தையே பார்த்தார்.

"அதுவாத்தான் இருக்கும் கண்ணு" என்றார்.